நாடு நீங்கிய எழுத்து

“கண்ணாடியில் ஓர் எழுத்து நாடு கடந்தது, மிஞ்சியது மலைநாட்டு அரசரின் தலைநகர் (3).”

எங்கள் குறுக்கெழுத்துக் குழுவின் பொங்கல் கட்டத்தில் இடமிருந்து வலமாக வந்த குறிப்பு இது. குழு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சத்துவாச்சாரி, காட்பாடி, வேலப்பாடி, ஆம்பூர் என்று வேலூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பேர். மாதம் ஒரு கட்டம், முறைவைத்து ஒருவர் போட வேண்டும். பொங்கலுக்கு என் முறை வந்தது. ‘நாடு நீங்கியவர்கள்’ என்று கருப்பொருள் வைத்துக்கொண்டேன். கண்ணாடி என்ற சொல்லில் நான்கு கட்டங்கள். ‘ணா’வை வெளியேற்றினால் கண்டி, அடைப்புக்குறிக்குள் சொன்ன மூன்று கட்டம்.

வேலூர்க்காரர்களுக்கு இது திணறக்கூடிய குறிப்பே இல்லை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அடுத்த ஆண்டு கப்பலேற்றிக் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரியில் சாகும் வரை இங்கேதான் இருந்தார். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் கண்ணுசாமி. தெற்கிலிருந்து போன நாயக்கர் வழி. கோட்டைக்குள் கண்டி மகால் என்றே ஒரு கட்டடம் நிற்கிறது. பாலாற்றங்கரையில் அவர் சமாதிமேல் அரசு எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்தைத் தாண்டி தினமும் ஸ்கூட்டரில் போகிறவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர். அப்படியிருந்தும் கண்டியை நிரப்பியவர்கள் இருவர்தான்.

அதே கட்டத்தில் இன்னொரு குறிப்பு: “சூரியனும் செய்யுளும் சேர்ந்து நெப்போலியனைச் சிறைவைத்த தீவு (3).” எல் என்றால் சூரியன், பா என்றால் செய்யுள். எல்பாவை அனைவரும் நிரப்பியிருந்தார்கள். பாதிப் பேருக்குச் சங்கத் தமிழில் ‘எல்’ என்றொரு சொல் இருப்பதே தெரியாது. தேவையும் படவில்லை. நெப்போலியன், தீவு, மூன்று கட்டம் என்றதும் கை தானாக எழுதிவிட்டது.

நெப்போலியன் எல்பாவில் இருந்தது பத்து மாதம்கூட இல்லை. 1814 மே மாதம் போனார், 1815 பிப்ரவரியில் தப்பினார். அவர் தப்பிய அதே பிப்ரவரியில்தான் கண்டி அரசர் பிடிபட்டார். நம்மவர் பதினாறு ஆண்டுகள் நம் ஊரிலேயே கைதியாக வாழ்ந்து செத்தார். ஆனால் ஆங்கிலக் குறுக்கெழுத்தில் எல்பாவுக்கு நிரந்தரக் குடியுரிமை உண்டு. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, அதில் இரண்டு உயிர். கட்டம் போடுகிறவர் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டால் உதவிக்கு வரும் சொல். கட்டத்துக்குள் நுழைய வரலாறு தேவையில்லை, உயிரெழுத்துகள் போதும்.

இந்த வித்தையெல்லாம் எனக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸில் கிடைத்தது. சென்னையில் வேலை, காட்பாடியில் வீடு, கையில் சீசன் டிக்கெட். ஜோலார்பேட்டையில் புறப்படும் வண்டி காட்பாடிக்கு வரும்போது ஆம்பூர் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து ‘தி இந்து’வை நான்காக மடித்து முழங்கால்மேல் வைத்திருப்பார். அரக்கோணம் தாண்டுவதற்குள் கட்டம் முடிய வேண்டும் என்பது அவர் விரதம். ‘ஜாய்ஸ் எழுதிய நாடகம்’ என்று வந்தால் ‘எக்ஸைல்ஸ்’ என்று நிமிராமல் எழுதுவார். “படித்திருக்கிறீர்களா சார்?” என்று ஒருமுறை கேட்டேன். “எதற்கு?” என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இலக்கியக் குறிப்பு என்ற பெயரில் குறுக்கெழுத்து நம்மிடம் கேட்பது பெரும்பாலும் நூலின் முதுகில் அச்சிட்டிருப்பதைத்தான். ஆசிரியர் பெயர் சொன்னால் தலைப்பு, தலைப்பைச் சொன்னால் ஆசிரியர் பெயர். இருபது ஆண்டுகள் இப்படிக் கட்டம் நிரப்பியவருக்கு ஒரு நூலகமே பாடமாகிவிடும், ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார். லண்டன் டைம்ஸ் பத்திரிகை 1930-இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது கவிதை வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருந்தன. அதற்காவது வரியைத் தெரிந்திருக்க வேண்டும். அதே பத்திரிகைக்கு வேடிக்கையான வழக்கம் ஒன்றும் நெடுங்காலம் இருந்தது: அரியணையில் இருப்பவரைத் தவிர, உயிரோடு இருக்கும் எவர் பெயரும் கட்டத்துக்குள் வரக்கூடாது. எழுத்தாளர் கட்டத்தில் குடியேற வேண்டுமானால் முதலில் உலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும்.

நாடு கடத்தலைத் தலைப்பாகக் கொண்ட நூல்கள் மேல்நாட்டில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஜாய்ஸின் ‘எக்ஸைல்ஸ்’ நாடகம் 1918-இல் வெளிவந்தது. பேர்ல் பக் தன் தாயின் கதையை 1936-இல் எழுதி அதே சொல்லை ஒருமையில் பெயராக வைத்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பியவர்களைப் பற்றி லயன் ஃபாய்க்ட்வாங்கர் 1940-இல் எழுதிய நாவலுக்கும் அதே பெயர். பாதாள உலகத்தில் தனியே அலையும் கறுப்பு வீரனைப் பற்றி 1990-இல் ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய மாயாஜாலக் கதைக்கும் அதே பெயர்தான். கட்டம் போடுகிறவருக்கு இது கொண்டாட்டம். ஒரே சொல்லுக்கு நான்கு வாசல். ஆனால் வாசகனாக எனக்கு இப்படிப்பட்ட தலைப்பின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. உள்ளே போவதற்கு முன்பே ‘பரிதாபப்படு’ என்று அது கட்டளையிடுகிறது. ஒருவர் ஊரை இழந்தார் என்பதை நூறு பக்கம் கழித்து நானே உணர்ந்தால் அது என் வலி. அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தால் அது வெறும் செய்தி.

இதற்கு விலக்காக நான் நினைப்பது ஆல்பெர் காம்யு 1957-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு. நாடுகடத்தலும் அரசாட்சியும் என்று தமிழில் சொல்லலாம். முதல் பாதி மட்டும் தலைப்பாக இருந்திருந்தால் மேலே சொன்ன வரிசையில் அதையும் சேர்த்திருப்பேன். ஆறு கதைகள், எந்தக் கதைக்கும் தொகுப்பின் பெயர் கிடையாது. ஒரு கதையில் அல்ஜீரிய மேட்டுநிலத்தில் ஒற்றைப் பள்ளிக்கூடத்தை நடத்தும் ஆசிரியரிடம் ஓர் அரபுக் கைதியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள், மறுநாள் நகரத்துச் சிறையில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி. ஆசிரியர் அவனுக்குச் சோறு போட்டு, கையில் பணம் கொடுத்து, இரண்டு வழிகளைக் காட்டுகிறார்: ஒன்று சிறைக்கு, இன்னொன்று அவனுக்குப் புகலிடம் தரக்கூடிய நாடோடிகளிடம். கைதி சிறைக்குப் போகும் வழியில் நடக்கிறான். பள்ளிக்குத் திரும்பினால் கரும்பலகையில் மிரட்டல் எழுதியிருக்கிறது: எங்கள் சகோதரனைக் காட்டிக்கொடுத்தாய், பதில் சொல்வாய். ஆசிரியர் எந்த நாட்டிலிருந்தும் விரட்டப்படவில்லை. அவர் பிறந்ததே அந்த மண்ணில்தான்.

இன்னொரு கதை ஓவியன் யோனாவைப் பற்றியது. புகழ் வந்ததும் நண்பர்கள், சீடர்கள், விமர்சகர்கள் எல்லோரும் வீட்டை நிறைக்கிறார்கள். வரைய இடமில்லாமல் போகிறது. கடைசியில் வீட்டுக்குள்ளேயே பரண் ஒன்று கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் நோய்வாய்ப்பட்டு விழுந்தபின் நண்பன் ஏறிப் பார்த்தால் திரைச்சீலை வெற்று வெள்ளை. நடுவில் மிகச் சிறிய எழுத்தில் ஒரே ஒரு சொல். அது ‘தனித்து’ என்பதா ‘சேர்ந்து’ என்பதா தெரியவில்லை. பிரெஞ்சில் அந்த இரண்டு சொற்களுக்கும் வித்தியாசம் ஓர் எழுத்துதான். இதைப் படித்தபோது காம்யு நிச்சயம் கட்டம் நிரப்பிப் பழகியவர் என்று தோன்றியது. ஆதாரம் எதுவும் இல்லை, என் ஆசைதான். ஆனால் அவர் பிறந்தது 1913 நவம்பர் 7. ஆர்தர் வின் போட்ட முதல் குறுக்கெழுத்து நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வந்தது அதே ஆண்டு டிசம்பர் 21.

அந்த ஓர் எழுத்துச் சிக்கல் கட்டம் போடும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும் விஷயம். குறுக்கே ஓடும் சொல்லின் ஒரு கட்டத்தில் மேலிருந்து கீழாக வரும் சொல் வெட்டவில்லை என்றால், அந்த எழுத்தைச் சரிபார்க்க வழியில்லை. கண்ணதாசன் தன் தி.மு.க. நாட்களைப் பற்றி எழுதிய தன்வரலாறு ‘வனவாசம்’. அதைத் தொடர்ந்து அவர் எழுதியது ‘மனவாசம்’. நம் மொழியில் நாடு நீங்கலைத் தலைப்பில் வைத்த நூல்களில் எனக்குப் பிடித்த தலைப்பு முதலாவது. கட்சியில் இருந்த காலத்தையே காட்டில் இருந்த காலம் என்று சொல்லிவிடுகிற துடுக்கு அதில் இருக்கிறது. ஆனால் ‘கண்ணதாசனின் தன்வரலாற்று நூல் (5)’ என்று குறிப்புக் கொடுத்தால் இரண்டும் பொருந்தும். இரண்டும் ஐந்து கட்டம், முதல் எழுத்து மட்டும் வேறு. ஆகவே முதல் கட்டத்தை வெட்டியே தீர வேண்டும். நான் அங்கே மேலிருந்து கீழாக ‘வரம்’ என்று வைத்தேன்: “தசரதனைச் சிக்கவைத்தது (3).” வரத்தின் முதல் எழுத்திலேயே வனவாசம் தொடங்கும்படி கட்டம் அமைந்ததில் எனக்கு ஒரு மாதம் தலைகால் புரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் வேறொரு தொல்லை. ‘ம்’ என்ற எழுத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது. ஆங்கிலக் கட்டத்தில் எந்த எழுத்திலிருந்தும் ஒரு சொல்லைக் கீழே இறக்கலாம்; தமிழில் புள்ளி வைத்த எழுத்து வந்தால் அங்கே சொல் முடியலாம், நடுவில் கடக்கலாம், தொடங்க மட்டும் முடியாது. கானகம் என்ற சொல்லை மேலிருந்து இறக்கி அந்த ‘ம்’மில் முடித்தேன். காட்டுக்கும் வனவாசத்துக்கும் கடைசி எழுத்து பொது.

இரண்டு சொற்கள் பொருந்தும் இடத்தை விட்டுவைப்பது ஒரு காலத்தில் பெரிய வியாபாரமாகவே இருந்தது. பரிசுக் குறுக்கெழுத்து நடத்திய பத்திரிகைகள் வேண்டுமென்றே அப்படிப்பட்ட கட்டங்களைப் போட்டு, ‘சரியான’ விடையை முன்கூட்டியே உறையில் மூடி வைத்தன. அறிவு பாதி வழிக்குத்தான் உதவும், மீதி அதிர்ஷ்டம். 1955-இல் வந்த பரிசுப் போட்டிச் சட்டம் மாதப் பரிசுக்கு ஆயிரம் ரூபாய் என்று வரம்பு கட்டியது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு வார இதழின் போட்டி வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. இது சூதாட்டம்தான் என்று 1957-இல் தீர்ப்பானது. காம்யுவின் தொகுப்பு வந்த அதே ஆண்டு. யோனாவின் திரைச்சீலைக்கு மட்டும் மூடிய உறை எதுவும் இல்லை.

சரி, நியாயமான இலக்கியக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? என் கட்சி இதுதான்: நூலைப் படிக்காதவரும் சொல் விளையாட்டின் வழியாக விடைக்கு வந்து சேர வேண்டும். படித்தவருக்கு மட்டும் அங்கே கூடுதலாக ஒன்று காத்திருக்க வேண்டும். பொங்கல் கட்டத்தில் “கைகேயி கணக்கில் பதினான்கு (5)” என்று ஒன்று வைத்தேன். பதினான்கை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று யோசித்தாலே ஏழிரண்டு வந்துவிடும். கம்பனைப் படித்தவருக்கு அந்த இடமே எழுந்து நிற்கும். பதினான்கு ஆண்டு காட்டுக்குப் போ என்று கைகேயி சொல்வதில்லை; ‘ஏழிரண்டு ஆண்டின் வா’ என்கிறாள். பெரிய எண்ணை உடைத்துச் சிறிதாக்குகிறாள், ‘போ’வை ‘வா’ ஆக்குகிறாள், அதையும் அரசன் வாயில் போட்டு ‘இயம்பினன் அரசன்’ என்று முடிக்கிறாள். குறிப்பு எழுதுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அத்தனையும் இதில் இருக்கிறது. ஒரு பொய்யும் சொல்லாமல் திசைதிருப்புவதுதானே நம் தொழில்.

தலைப்பே இல்லாத படைப்புக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பறம்பு மலையையும் தந்தையையும் இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டுக்கு எண் உண்டு, 112, திணையும் துறையும் உண்டு, தலைப்பு கிடையாது. சங்கக் கவிதைகளை முதல் அடியால்தான் அழைக்கிறோம். ‘___ திங்கள் அவ்வெண்ணிலவின்’ என்று கொடுக்கலாம் என்று பார்த்தால் சந்தி குறுக்கே வந்து நிற்கிறது. அடியில் இருப்பது ‘அற்றைத்’, நான்கு கட்டம். தனிச் சொல்லாக எடுத்தால் ‘அற்றை’, மூன்று கட்டம். எங்கள் குழுவில் இதற்கு இரண்டு கட்சி. நான் மூன்று கட்டக் கட்சி; தமிழ்ச் சொல் எதுவும் ‘த்’ என்று முடியாது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், வரியில் உள்ளதை வெட்ட நமக்கு என்ன அதிகாரம் என்று இன்னும் சண்டை போடுகிறார்.

சொல் விளையாட்டுக்குள் விடையை ஒளித்துவைக்கும் மறைமுகக் குறிப்பு என்பதே வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைப்பவர்கள் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் சித்திரக்கவிப் பகுதியைப் புரட்டிப் பார்க்கலாம். வினாவுத்தரம் என்று ஒரு வகை. திருமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரிடும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர் என்ன? அம். எல்லாவற்றையும் சேர்த்தால் திருவேகம்பம், நமக்குப் பக்கத்துக் காஞ்சி. இன்றைக்கு எந்தப் பத்திரிகையிலும் இதைக் குறிப்பாகப் போடலாம். அக்கரச் சுதகம் என்று இன்னொன்று, எழுத்தை ஒவ்வொன்றாக வெளியேற்றும் வித்தை. கநகாரி என்றால் கனகன் என்ற இரணியனுக்குப் பகைவன், நரசிம்மன். முதல் எழுத்தைத் துரத்தினால் நகாரி, மலையைப் பிளந்த முருகன். இன்னும் ஒன்றைத் துரத்தினால் காரி, ஐயனார். ஒவ்வோர் எழுத்து வெளியேறும்போதும் உள்ளே வேறொரு தெய்வம் குடியேறுகிறது. என் கண்ணாடி இந்த வம்சத்துப் பிள்ளைதான்.

தெய்வம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுகளாகக் கருவறையில் மூர்த்தி இல்லாமல் கிடந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-இல்தான் திரும்பி வந்தது. இதை ஒரு குறிப்பாக்க இரண்டு வாரம் முயன்றேன். ஒன்பது கட்டப் பெயரும் கிரந்த எழுத்துகளும் ஒத்துழைக்கவில்லை.

ஆங்கிலத்தில் 1926 முதல் அப்சர்வர் இதழில் முழுக்க முழுக்க மறைமுகக் குறிப்புகளோடு கட்டம் போட்ட எட்வர்டு பவிஸ் மாதர்ஸ் ‘டார்க்கெமாடா’ என்ற புனைபெயர் வைத்துக்கொண்டார். சித்திரவதைக்குப் பேர்போன ஸ்பானிய மதவிசாரணைத் தலைவரின் பெயர். வாசகனை வதைப்பவன் என்று வேடிக்கை. அந்த அசல் டார்க்கெமாடாதான் 1492-இல் யூதர்களை ஸ்பெயினை விட்டு விரட்டிய ஆணைக்குப் பின்னால் நின்றவர். நாடு கடத்தியவரின் பெயர் ஒரு பொழுதுபோக்கின் முன்னோடிக்குச் செல்லப் பெயராகிவிட்டது. இதைச் சொன்னபோது ஆம்பூர் சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குழுவில் மேல்மொணவூர் முகாமிலிருந்து ஒரு தம்பி வருகிறார். 2021-இல் அரசு அதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பஸ்ஸில் கண்டக்டருக்கு இன்னும் ‘கேம்ப்’தான். பெற்றோர் மன்னாரிலிருந்து வந்தவர்கள். கணக்கு டியூஷன் எடுக்கிறார், கட்டத்தை எங்கள் எல்லோரையும்விட வேகமாக முடிக்கிறார். ஒரு வார இதழின் குறுக்கெழுத்தில் “நாட்டை விட்டு ஓடி வந்தவர் (3)” என்று குறிப்பு வந்திருந்தது. விடை அகதி. தம்பி அதை எடுத்துக்கொண்டு வந்து குறிப்பு தவறு என்று வாதாடினார். இரக்கம் கேட்டு அல்ல, இலக்கண வாத்தியார் தோரணையில். “அண்ணா, நான் எங்கிருந்தும் ஓடி வரவில்லை. வேலூரில் பிறந்தேன், வேலூரில் படித்தேன். ஆனால் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இந்தச் சொல்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த வரையறை எப்படிச் சரியாகும்?”

அவர் சொல்வது சட்டப்படியும் சரி. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. பிறகு வந்த திருத்தம் அதையும் இறுக்கியது. இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. அப்படியானால் நீயே ஒரு குறிப்பு எழுது என்று அவரிடம் கேட்டுக்கொண்டோம். அடுத்த மாதக் கட்டத்தில் அவர் போட்டது இது:

“கதிக்கு முன் அகரம் வந்து நின்றது, வேலூரில் பிறந்தாலும் மாறாத பெயர் (3).”

முதல் பாதியில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. அகரத்தோடு கதி, சுத்தமான கட்டுமானம். இரண்டாம் பாதியில்தான் ஆம்பூர் சார் பிடித்துக்கொண்டார். வரையறை என்பது எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், வேலூர் என்று போட்டால் திருச்சிக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று கேட்டார்.

“திருச்சியிலும் முகாம் இருக்கிறது சார்” என்றார் தம்பி.